சுறா வருமா சார்?

மதுரைக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பதுதான் நேர்மையான பதில். எங்கள் ஊரில் பறந்தது மீன் கொடி. ஊரை ஆள்பவள் பெயர் மீனாட்சி. ஆனால் மீன் நீந்துகிற அளவுக்குத் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் தெப்பக்குளத்துக்கோ, மழை பெய்த வருஷம் கண்மாய்க்கோதான் போக வேண்டும். வைகையில் இறங்குகிற கள்ளழகருக்கே அணையிலிருந்து சொல்லித்தான் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள்!

ஆனால் சுறா விஷயத்தில் எங்களை யாரும் ஏமாற்ற முடியாது. திருவிளையாடல் புராணத்திலேயே வருகிறது. 'வலை வீசின படலம்.' சாபத்தால் நந்திதேவர் சுறாவாகி, பாண்டிய நாட்டுக் கடலில் பரதவர்களைப் பாடாய்ப்படுத்த, சொக்கநாதரே வலைஞர் வேஷத்தில் வந்து அதைப் பிடித்த கதை. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி ஒரு நடை நடப்பாரே, அது இந்தச் சுறாவைப் பிடிக்கத்தான். 2010-ல் விஜய்யின் ஐம்பதாவது படத்துக்கே பெயர் 'சுறா'. இது போக, மெஸ்ஸில் வாழையிலை ஓரத்தில் வந்து விழுகிற சுறாப்புட்டு வேறு இருக்கிறது. புராணம், சினிமா, சாப்பாடு... இதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்?

இந்த அறிவோடுதான் நாங்கள் ஐந்து பேர் ஒரு சனிக்கிழமை ராத்திரி வேன் பிடித்து மணப்பாடு கிளம்பினோம்.

அஞ்சு பேரும் அஞ்ஞானிகள்

மணப்பாடு தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிறது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல் மேடு, அதன் உச்சியில் பழைய திருச்சிலுவைக் கோயில். 1542-ல் புனித சவேரியார் வந்து தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் அங்கே உண்டு. அந்த மணல் மேட்டைச் சுற்றி வருகிற அலை ரொம்ப ஒழுங்கான அலையாம். அதனால் பலகை போட்டு அலைச் சறுக்கு விளையாடுகிறவர்கள் தேடி வருகிறார்கள்.

எங்கள் குழுவில் என் நண்பனும், அவன் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ் ஆட்கள் மூன்று பேரும், நானும். மூன்று பேரில் ஒருவன் புதிதாகச் சேர்ந்த பையன். இருபத்திரண்டு வயது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவனுடைய அம்மா வேன் வரைக்கும் வந்து, ஒரு தூக்குவாளி நிறைய புளியோதரையைக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, நீங்க பெரியவுக... பயலைக் கொஞ்சம் பாத்துக்கங்க. தண்ணின்னா அவனுக்குத் தலைகால் புரியாது."

"நான் இருக்கேன்ல அம்மா!" என்றேன். என்னை யாராவது 'பெரியவுக' என்று சொன்னால் நான் இப்படித்தான் எதையாவது சொல்லிவிடுவேன்.

ஞாயிறு காலை கரையில் இறங்கியதும் எங்களில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "இங்க சுறா வருமா சார்?"

கேட்கப்பட்டவர்கள் இரண்டு பேர். இருவர் கையிலும் ஆள் உயரத்துக்கு மேலே பலகை. ஒருவர் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்து மீனவ வாலிபர். இன்னொருவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஆஸ்திரேலியாவில் மூன்று வருடம் இருந்தவர், அலைச் சறுக்கைக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். இரண்டு பேரும் நண்பர்கள். ஆனால் 'சுறா' என்று நாங்கள் சொன்னதும் அந்த நட்புக்கு வந்ததே ஒரு சோதனை!

ரெண்டு பலகை, மூணு கட்சி

கோவளத்துத் தம்பி சிரித்தார். "வந்தா நல்லதுதான் சார். எங்க அப்பா காலத்துல சுறா வந்தா நாலு பேர் தோள்ல தூக்கிட்டு வருவாங்களாம். இப்ப அவரு வலையில வர்றது என் கை நீளம். குட்டி சார் அது. குட்டியைப் பிடிச்சுட்டு, பெரிசு எங்கேன்னு தேடினா எப்படி வரும்?"

"அப்ப நீங்க சுறா சாப்பிட மாட்டீங்களா?"

"ஏன் சாப்பிடாம? எங்க அம்மா பண்ற புட்டைச் சாப்பிட்டுப் பாருங்க" என்றார். கொள்கைக்கும் நாக்குக்கும் நடுவே அவருக்கு ஒரு சண்டை நடந்துகொண்டிருந்ததை மறைக்கவில்லை.

பெங்களூர்க்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "இவன் சும்மா சொல்றான். சுறா கடிச்ச கடற்கரையை இவன் பார்த்ததில்லை. நான் இருந்த ஊர்ல சைரன் அடிப்பாங்க. அத்தனை பேரும் தண்ணியை விட்டு ஓடி வருவோம். அம்மாக்கள் குழந்தையைத் தேடிக் கத்துவாங்க. ஜனங்க குளிக்கிற இடத்துல வலை போடணும், தூண்டில் போடணும். முதல்ல மனுஷன், அப்புறம்தான் மீன்."

"மனுஷன் அதோட எடத்துக்குள்ள போறான்ல மச்சி?"

"அப்படிப் பார்த்தா நீ ரோட்டுல போறதும் லாரியோட எடம்தான். போகாம இருக்கியா?"

இதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். எழுபது வயது இருக்கும். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "தம்பி, வெளையாட்டுக்குக் கடலுக்குப் போறவன் பயம் வேற, பொழைப்புக்குப் போறவன் பயம் வேற பாத்துக்கிடுங்க. சுறாவைக் காப்பாத்தணும்னு சட்டம் போடுதாவ. சரி, போடட்டும். பெரிய உடம்பு ஒண்ணு வலையில மாட்டிச்சுன்னா வலையை அறுத்து விடச் சொல்லுதாவ. வலைக்குக் காசு எவன் குடுப்பான்?"

ஆக, கட்சிகள் மூன்று. மூன்றிலும் நியாயம் இருந்தது. எனக்கு எதில் சேருவது என்று தெரியவில்லை. புளியோதரையைப் பிரித்தேன்.

உலகம் முழுக்க இதே சண்டை

இந்தச் சண்டை மணப்பாட்டு மணலோடு முடிகிற விஷயமில்லை. அலைச் சறுக்கு வீரர்கள் உலகம் பூராவும் இதே மாதிரி அடித்துக்கொள்கிறார்கள்.

இந்துமகா சமுத்திரத்தில் ரீயூனியன் என்று ஒரு தீவு. பிரான்ஸுக்குச் சொந்தம். கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம் தமிழர்களின் வம்சாவளியினர் நிறையப் பேர் வாழ்கிற இடம். 2011-லிருந்து சில வருடங்களுக்குள் அங்கே பத்துப் பேருக்கு மேல் சுறா கடித்து இறந்தார்கள். 2013-ல் பெரும்பாலான கரைகளில் கடலில் இறங்கவே தடை போட்டார்கள். 2017-ல் மறுபடி ஓர் உயிர் போனபோது, பதினோரு தடவை உலக சாம்பியனான கெல்லி ஸ்லேட்டர், அங்கே சுறாக்களைத் தினமும் பிடித்துக் குறைக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். அவரை ரசித்தவர்களே பிடித்து உலுக்கினார்கள். ரீயூனியனில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மட்டும், 'இதை இப்போதாவது ஒருத்தர் சொன்னாரே' என்றார்கள்.

மறுபக்கம் மிக் ஃபேனிங். ஆஸ்திரேலியர். 2015 ஜூலையில் தென்னாப்பிரிக்காவில் போட்டி நடந்துகொண்டிருக்கும்போது, டி.வி.யில் உலகமே பார்க்க, பின்னாலிருந்து வந்தது சுறா. மனிதர் அதோடு மல்லுக்கட்டி, கீறல் இல்லாமல் தப்பினார். மறு வருடம் அதே கடலுக்குப் போய் அதே போட்டியில் ஜெயித்தார். அதோடு விடவில்லை. பிற்பாடு, சுறாவை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று தேடிப் போய் ஒரு டாக்குமென்டரியே எடுத்தார். ஹவாய்த் தீவில் பெத்தனி ஹாமில்டன் என்ற பெண்ணுக்கு 2003-ல் பதின்மூன்று வயதில் இடது கை போயிற்று. ஒரு மாதத்துக்குள் திரும்ப அலைமேல் நின்றாள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2014-ல் அரசாங்கமே கரையோரம் பெரிய பெரிய தூண்டில் போட்டு சுறா பிடிக்க ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் கடற்கரையில் திரண்டு எதிர்த்தார்கள். கூட்டத்தில் சறுக்குப் பலகை வைத்திருந்தவர்களும் உண்டு. அதே வருடம் திட்டம் கைவிடப்பட்டது. சிட்னிப் பக்கம் 1937 முதல் வலை போடுகிறார்கள். ஆனால் அந்த வலை சுவர் மாதிரி கடலை அடைக்காது. மேலும் கீழும் பக்கவாட்டிலும் சந்து இருக்கும். சுறாவோடு சேர்த்து ஆமை, திருக்கை, டால்பின் எல்லாம் மாட்டிச் சாகும். 'வலை போட்டிருக்கிறது' என்பது குளிக்கிறவர் மனசுக்குத் தைரியம். அந்தத் தைரியத்துக்கு ஆமை விலை கொடுக்கிறது.

'ஜாஸ்' படம் 1975-ல் வந்து உலகத்தையே கரையில் உட்கார வைத்தது அல்லவா? அந்தக் கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி, சுறாவைப் பேயாகக் காட்டிவிட்டோமே என்று பின்னாளில் வருந்தி, சாகும்வரை சுறாக்களுக்காகவும் கடலுக்காகவும் பேசினார்.

பற்று - வரவு

நான் படித்தது பி.காம். யார் சொல்வது சரி என்று குழப்பம் வந்தால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது வழக்கம்.

சுறாவின் பற்றுப் பக்கம்: மனிதன் சீண்டாமல் சுறாவே வந்து கடிப்பது உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 60, 70 தடவை. அதில் உயிரிழப்பவர்கள் ஏறக்குறைய ஆறு பேர்.

மனிதனின் பற்றுப் பக்கம்: வருடத்துக்குச் சுமார் பத்து கோடி சுறாக்கள் மனிதனால் சாகின்றன என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. பிறகு வந்த கணக்கு 2019-ல் குறைந்தது எட்டு கோடி என்கிறது. 1970-லிருந்து ஐம்பது வருடத்தில் ஆழ்கடல் சுறா, திருக்கைகளில் நூற்றுக்கு 71 பங்கு குறைந்துவிட்டது என்று 2021-ல் விஞ்ஞானிகள் கணக்குக் காட்டினார்கள்.

ஆறு பேர்... எட்டு கோடி! இந்த ஐந்தொகையை எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்.

மத்தி மீன் மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுத் தள்ளுகிற ஜாதி இல்லை சுறா. பருவத்துக்கு வரவே பல வருடம். பல இனங்கள் ஓர் ஈட்டில் விரல்விட்டு எண்ணுகிற மாதிரிதான் குட்டி போடும். கோவளத்துத் தம்பி சொன்ன 'கை நீளக் குட்டி'யைப் பிடித்துவிட்டால், வட்டியை அல்ல, முதலையே எடுத்துச் செலவழிக்கிறோம் என்று அர்த்தம்.

பெரியவரின் கேள்விக்கும் கணக்கில் இடம் உண்டு. 2001 ஜூலையில் மத்திய அரசு ஒரே கையெழுத்தில் எல்லாச் சுறாவையும் திருக்கையையும் பிடிக்கத் தடை போட்டது. மீனவர்கள் கொதித்தார்கள். அந்த வருடம் டிசம்பரிலேயே தடை பத்து இனங்களுக்கு என்று சுருங்கியது. அதில் ஒன்று திமிங்கலச் சுறா. இன்னொன்று, மூக்கில் ரம்பம் வைத்திருக்கும் வேளா. 2013-ல், துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசக் கூடாது என்று விதி வந்தது. 2015-ல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கே தடை. 2022-ல் சட்டத்தைத் திருத்தி இன்னும் பல இனங்களைச் சேர்த்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டையில் பேர் போனவர்கள். துடுப்பு விலைதான் அவர்களுக்கு லாபம். சூப் குடித்தவர்கள் எங்கேயோ இருக்க, அடி விழுந்தது இங்கே.

ஆனால் குஜராத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அங்கே திமிங்கலச் சுறாவைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த ஊர்களுக்கு மொராரி பாபு என்ற கதாகாலட்சேபக்காரர் போனார். "பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருகிற மகளை யாராவது கொல்வார்களா?" என்று கேட்டார். அந்தச் சுறாவுக்கு 'வாலி' என்று செல்லப் பெயர். 'அன்பானவள்' என்று அர்த்தம். கதையோடு நிற்கவில்லை. வலையை அறுத்து மீனை விடுகிறவருக்கு வனத்துறை வலைக்கான பணம் கொடுத்தது. அன்றைக்கு வெட்டிய கைகளே நூற்றுக்கணக்கில் அவிழ்த்துவிட்டிருக்கின்றன.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "அப்படிக் குடுத்தா நாங்க மட்டும் பாவமா பண்ணப் போறோம்? மகள்னு சொன்னா எங்களுக்கும் புரியும் தம்பி."

சுறாவின் வாயைக் கட்டியவர்கள்

பெரியவர் ஒரு பழைய கதை சொன்னார். அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருப்பாராம். மந்திரம் சொல்லி சுறாவின் வாயைக் கட்டிவிடுவார். அவர் கட்டாமல் ஒருவரும் மூழ்க மாட்டார்கள்.

இது வெறும் பாட்டி கதை இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். மந்திரக்காரருக்குக் கூலி, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரம் பகலில்தான் வேலை செய்யும். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். ஏன்? ராத்திரியில் எவனாவது திருட்டுத்தனமாக மூழ்கிச் சிப்பி எடுத்துவிட்டால்? அதாவது பகலில் சுறாவுக்கு லீவு, ராத்திரி செக்யூரிட்டி டியூட்டி!

வெள்ளைக்காரன் காலத்திலும் கடல்கட்டி இருந்தார். சில சமயம் சர்க்காரே சம்பளம் கொடுத்தது. மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத துரைமார்களும் கொடுத்தார்கள். காரணம் எளிது. கடல்கட்டி கரையில் நிற்காவிட்டால் ஒருத்தன்கூடத் தண்ணீரில் குதிக்க மாட்டான். சிட்னியில் போட்டிருக்கும் சந்து வைத்த வலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

"இப்ப யாரு கட்டுதா?" என்று கேட்டேன்.

"சுறாவே இல்ல, எதைக் கட்ட?" என்றார் பெரியவர். பிறகு தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். "கட்ட வேண்டியது நீவாட்டை. அதுக்குத்தான் மந்திரம் இல்ல."

நீவாடு என்றால் கடலுக்குள் ஓடுகிற நீரோட்டம். அவர் சொன்னதை நான் காதில் வாங்கினேன். மனசில் வாங்கவில்லை.

அலை இல்லாத இடம்

பத்து மணிக்கு மேல் எல்லோரும் தண்ணீரில் இறங்கினோம். எங்களில் ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நின்று கத்துவதுதான் எங்களுடைய கடல் குளியல். என் நண்பன் ஒரு கண்ணைத் தொடுவானத்திலேயே வைத்திருந்தான். முக்கோணத் துடுப்பு ஏதாவது தெரிகிறதா என்று!

அலைகள் வரிசையாக வந்து உடைந்து முகத்தில் அடித்தன. பையன் இரண்டு தடவை உருண்டு மணலைத் தின்றான். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக அலை உடைய, நடுவில் மட்டும் ஒரு சந்து மாதிரி தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கறுப்பாக இருந்தது. அங்கே அலையே இல்லை.

"டேய், அங்கிட்டுப் போய்க் குளிடா. அங்க அலை அடிக்கலை பாரு" என்றேன்.

சொன்னது நான்தான். வேறு யாருமில்லை.

பையன் போனான். இடுப்பளவு தண்ணீர். திரும்பிச் சிரித்தான். அடுத்த தடவை நான் பார்த்தபோது தலை மட்டும் தெரிந்தது. கையை ஆட்டினான். குஷியில் ஆட்டுகிறான் என்று நானும் பதிலுக்குக் கை ஆட்டினேன். இதை எழுதும்போதுகூட என் கை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. பையன் மூழ்கிக்கொண்டிருந்தான். நான் 'டாட்டா' காட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் எழுந்து கத்தியது பெரியவர். "ஏலே, நீவாடு இழுக்குலே!" கோவளத்துத் தம்பி பலகையோடு ஓடினார். பையன் இருந்த பக்கம் அலையை எதிர்த்து நீந்தவில்லை. நேராக அதே கறுப்புச் சந்தில் குதித்தார். அது அவரைக் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி உள்ளே கொண்டுபோயிற்று. பையனைப் பிடித்துப் பலகைமேல் கவிழ்த்தார். கரையைப் பார்த்து வராமல் பக்கவாட்டில் துடுப்புப் போட்டு, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அந்த அலை தள்ளிய தள்ளில் கரைக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே பெங்களூர்க்காரர். சுறா விஷயத்தில் எதிரெதிர்க் கட்சி. இதில் ஒரு வார்த்தை பேச்சில்லை.

பையன் உப்புத் தண்ணீரைக் கக்கினான். கண்ணைத் திறந்தான். சொன்ன முதல் வார்த்தை: "அண்ணே... சுறாவா? காலைப் பிடிச்சு இழுத்துச்சுண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

இழுத்தது எது?

கோவளத்துத் தம்பி பிறகு மணலில் விரலால் படம் போட்டு விளக்கினார். அலை தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கிறது. குவிந்த தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். மணலில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்தச் சந்து வழியாக மொத்தமும் வேகமாக உள்ளே ஓடும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது. பார்க்கச் சாதுவாக இருக்கும். நொடிக்கு இரண்டு மீட்டர் வரைக்கும்கூட வேகம் போகும். ஒலிம்பிக் நீச்சல்காரரே எதிர்த்து வர முடியாது.

"நாங்க அதைத்தான் லிஃப்ட் மாதிரி யூஸ் பண்ணுவோம் சார், உள்ள போறதுக்கு" என்றார். அவருக்கு லிஃப்ட். எங்களுக்கு எமன்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன். ஒன்று, கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். பத்தே நிமிடத்தில் தெம்பு போய்விடும். சாகடிப்பது அந்தக் களைப்புதான். இரண்டு, அந்த இழுப்பு உள்ளேதான் கொண்டுபோகும், அடியில் அமுக்காது. மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். மூன்று, நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து பிறகு திரும்புங்கள். நான்கு, கரையில் நிற்பவர் கூடக் குதிக்காதீர்கள். கயிறு, கேன், பலகை எது கிடைத்தாலும் வீசுங்கள். காப்பாற்றப் போனவனும் சேர்ந்து போன கதைகள்தான் அதிகம்.

ஐந்தாவதாகப் பெரியவர் ஒன்று சேர்த்தார். "எறங்குமுன்ன அந்த ஊர்க்காரன் ஒருத்தங்கிட்ட கேளுங்க. காசா பணமா?" தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல் கொட்டுகிறார்களே, அதன் பக்கத்தில் நீவாடு மாறிவிடும். போன வருடம் குளித்த இடம் இந்த வருடம் நல்ல இடமாக இருக்காது. அதை உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும்.

2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐந்து பிள்ளைகளை அலை கொண்டுபோயிற்று. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கடல் பார்க்கப் போனவர்கள். எங்கோ தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் புயல் கிளப்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறுவதற்குப் பெயர் 'கள்ளக் கடல்'. எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. உலகத்தில் 2021-ல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் மூன்று லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் மட்டும் வருடத்துக்கு 35,000-க்கு மேல். அதில் கடல் கொஞ்சம்தான். கிணறு, கண்மாய், கால்வாய், ஆறு. வைகையும் பெரியாறு கால்வாயும் அதில் சேர்த்தி. தண்ணீர் இல்லாத ஊர் என்று நாங்கள் சிரித்துக்கொள்கிறோம். தண்ணீர் வந்த அன்றைக்குப் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிவதில்லை.

ஆறு பேரைக் கொல்வதற்குப் படம் எடுத்தார்கள். மூன்று லட்சம் பேரைக் கொல்வதற்கு ஒரு போர்டுகூட இல்லாத கரைகள்தான் அதிகம்.

கடைசியாக...

கிளம்பும்போது பெங்களூர்க்காரரிடம் கேட்டேன். "இப்ப என்ன சொல்றீங்க? வலை போடணுமா?"

"இன்னும் அதேதான் சொல்றேன். அந்தச் சைரனைக் கேட்டவனுக்கு மாத்திச் சொல்ல வராது" என்றார். பிறகு, "ஆனா இந்தக் கரையில வலைக்குச் செலவு பண்றதைவிட, ரெண்டு பசங்களுக்குச் சம்பளம் கொடுத்து பலகையோட உட்கார வைக்கலாம்" என்றார். கோவளத்துத் தம்பி அதற்குத் தலையாட்டினார். அன்று முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஊர் திரும்பி, ஒரு வாரம் கழித்து மெஸ்ஸுக்குப் போனோம். பரிமாறுகிற அண்ணன் வழக்கம்போலக் கேட்டார். "சுறாப்புட்டு வைக்கவா?" நான் கொஞ்சம் யோசித்தேன். "பெரிய சுறாவா, குட்டியாண்ணே?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மார்க்கெட்ல வர்றது பூராம் குட்டிதான் தம்பி. பெருசைக் கண்ணுல பாத்து எம்புட்டு நாளாச்சு!"

"அப்ப வேண்டாம்ணே. முட்டை வைங்க."

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். என் தங்கைக்கும் கொடுத்தோம். நாளைக்கு வீட்டில் தேவைப்பட்டால் 'கூடாது' என்று என்னால் சொல்ல முடியுமா? தெரியாது. கோவளத்துத் தம்பியின் சண்டை இப்போது என் இலைக்கும் வந்துவிட்டது.

பையனும் நானும் ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளத்தில் சேர்ந்திருக்கிறோம். காலை ஆறு மணி. எங்கள் கூடக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வயது ஏழு, எட்டு. "அங்கிள், காலை ஆட்டுங்க!" என்று அதட்டுகிறார்கள். பையன் ஒரு மாதத்தில் குறுக்கே நீந்திவிட்டான். நான் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அன்றைக்கு ராத்திரி வேன் வந்து நின்றதும் அவனுடைய அம்மா ஓடி வந்து, தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் தம்பி விட்டேன்" என்றார். நான் சிரித்துவைத்தேன். பையனும் வாயைத் திறக்கவில்லை. 'அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்ணே' என்று வேனிலேயே கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா இந்தப் பத்திரிகையை வாரா வாரம் அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவர்.

அம்மா, அலை இல்லாத இடத்துக்குப் போகச் சொன்னது நான்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். திட்ட வேண்டியதை நேரில் திட்டிவிடுங்கள்.